குவேசாருக்கு இரை போடுவது யார்?

பங்குனி, சித்திரை மாதங்களில் நள்ளிரவை ஒட்டிக் கன்னி ராசி நம் தலைக்கு மேல் வருகிறது. அதிலுள்ள சித்திரை நட்சத்திரத்தைக் குழந்தைக்குக்கூட விரல் நீட்டிக் காட்டிவிடலாம். நான் சொல்லப்போகிற பொருளும் அதே ராசியில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க எட்டு அங்குலத் தொலைநோக்கியும், நகர வெளிச்சம் எட்டாத இடமும், நல்ல வரைபடமும், பொறுமையும் வேண்டும். ஏலகிரி மலையில் நண்பர் ஒருவரின் தொலைநோக்கியில் அதைத் தேடிப் பிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஐபீஸுக்குள் தெரிந்தது ஒரு மங்கலான புள்ளி. சுற்றிலும் இருந்த புள்ளிகளுக்கும் அதற்கும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆனால் மற்றவை எல்லாம் நம் பால்வெளியைச் சேர்ந்த விண்மீன்கள். அந்த ஒரு புள்ளியின் ஒளி மட்டும் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் நடந்து வந்து என் கண்ணில் விழுந்தது. அது புறப்பட்ட காலத்தில் பூமியில் நுண்ணுயிர்கள்தான் இருந்தன. அன்றிரவு வெகுநேரம் நான் அந்த ஐபீஸை விட்டு நகரவில்லை.

அதன் பெயர் 3சி 273. கேம்பிரிட்ஜ் வானியலாளர்கள் தயாரித்த மூன்றாவது ரேடியோப் பட்டியலில் 273ஆவது பொருள் என்று அர்த்தம். குவேசார் என்று முதன்முதலில் புரிந்துகொள்ளப்பட்ட பொருள் இதுதான். குவேசார் என்பது ஒரு பேரடையின் நடுவில், பெருங்கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கும்போது எழும் பேரொளி. பேரடை என்றால் நாம் கேலக்ஸி என்று சொல்கிறோமே, அதுதான்: கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தூசியும் சேர்ந்த பெருங்கூட்டம். குவேசார் எரிவது எப்படி என்பதை ஓரளவு எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த நெருப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடினமான கேள்வி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்போம். 1950களின் ரேடியோத் தொலைநோக்கிகளுக்குக் கூர்மை போதாது. வானத்தின் இந்தப் பகுதியிலிருந்து ரேடியோ அலை வருகிறது என்று சொல்லும். எந்தப் புள்ளியிலிருந்து என்று சொல்லாது. இதற்கு ஓர் அழகான வழியைக் கையாண்டார் சிரில் ஹசார்ட். நிலா வானத்தில் நகரும்போது வழியில் உள்ள பொருள்களை மறைத்துக்கொண்டே போகிறது. நிலாவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். ரேடியோ அலை சட்டென்று நிற்கும் நொடியையும், மறுபடி கேட்கத் தொடங்கும் நொடியையும் குறித்துக்கொண்டால், அது வரும் இடத்தை நுணுக்கமாகக் கணித்துவிடலாம். 1962இல் நிலா 3சி 273ஐ மறைத்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அந்த நொடிகளைப் பிடித்தது. அப்போது பொருள் அடிவானத்தை ஒட்டி இருந்ததால், அந்தப் பெரிய கிண்ணத்தை வழக்கமான எல்லைக்கும் கீழே சாய்க்க வேண்டியிருந்தது. கிடைத்த இடத்தில் பார்த்தால், அங்கே விண்மீனைப் போன்ற ஒரு சாதாரணப் புள்ளி!

நிலாவின் மறைப்பைப் பயன்படுத்தும் இதே உத்திக்காகவே நம் ஊரில் ஒரு தொலைநோக்கி கட்டப்பட்டது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், 1970இல் அது இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை வடக்கு தெற்காகச் சரியும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் அமைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே திசையில் மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ஊட்டிக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

கலிபோர்னியாவில் பாலமார் மலைமேல் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியில், மார்ட்டன் ஷ்மிட் அந்தப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பதிவு செய்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் நிறமாலையில் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ரேகை பார்த்து ஆளைச் சொல்வதைப்போலக் கோடு பார்த்துத் தனிமத்தைச் சொல்லலாம். ஆனால் இந்தப் புள்ளியின் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963 பிப்ரவரி 5 அன்று, கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் ஓர் ஒழுங்கில் குறைவதை ஷ்மிட் கவனித்தார். அந்த ஒழுங்கு ஹைட்ரஜனுக்கு உரியது.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கால்குலேட்டர் போதும். ஆய்வகத்தில் ஹைட்ரஜனின் மூன்று கோடுகள் 486.1, 434.0, 410.2 நானோமீட்டரில் விழுகின்றன. 3சி 273இல் ஷ்மிட் அளந்த கோடுகள் 563.2, 503.2, 475.3. ஒவ்வொன்றையும் அதன் இணையால் வகுத்துப் பாருங்கள். முதலாவது 1.159. இரண்டாவது 1.159. மூன்றாவதும் 1.159. மூன்றும் ஒரே எண்! கோடுகள் புதியவை அல்ல. எல்லாமே ஒரே விகிதத்தில், ஏறக்குறைய 16 சதவீதம், சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறோம். இந்த வகுத்தலை நான் முதன்முதலில் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் செய்து பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. மூன்றாவது எண்ணும் அதேபோல் வந்தபோது உடம்பு சிலிர்த்தது.

பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளி வழியிலேயே நீட்டப்பட்டுச் சிவக்கிறது. எவ்வளவு தொலைவோ அவ்வளவு சிவப்பு. 16 சதவீதம் என்றால், அந்தப் பொருள் நொடிக்கு 47,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது. தொலைவு இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல். அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒரு சிறு தொலைநோக்கிக்குத் தெரிகிறது என்றால், அதன் உண்மையான பிரகாசம் என்ன? சுமார் 4 லட்சம் கோடி சூரியன்கள். இன்னொரு வகையில் சொல்கிறேன்: 3சி 273ஐக் கொண்டுவந்து 33 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது நமக்கு அருகிலுள்ள விண்மீன்கள் இருக்கும் தூரத்தில் வைத்தால், அது நம் சூரியனைப்போலவே பகலை உண்டாக்கும்.

அடுத்த அதிர்ச்சி அதன் அளவு. ஹார்வர்டு வானாய்வகத்தில் 1880கள் முதல் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. யாரும் அறியாமலே அவற்றில் 3சி 273உம் பதிவாகியிருந்தது. 1963இல் அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது, அதன் ஒளி கூடியும் குறைந்தும் வந்திருப்பது தெரிந்தது; சில மாற்றங்கள் மாதக் கணக்கில் நடந்திருந்தன. ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மங்க வேண்டுமானால், ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எட்ட வேண்டும்; அது ஒளியைவிட வேகமாக எட்ட முடியாது. மாதங்களில் மாறுகிறது என்றால், ஒளி சில மாதங்களில் கடக்கும் அளவைவிட அது பெரியதாக இருக்க முடியாது. பல ஆயிரம் கோடி விண்மீன்கள் கொண்ட பேரடையைவிட நூறு மடங்குக்கும் அதிகமான ஒளி, அந்தப் பேரடையின் அளவோடு ஒப்பிட்டால் ஒரு மணல் துகள் போன்ற இடத்திலிருந்து வருகிறது.

விண்மீன்கள் எரியும் முறையில் இது சாத்தியமில்லை. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, அதன் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. கருந்துளையை நோக்கி விழும் வாயு கணக்கே வேறு. அது நேராக உள்ளே விழுவதில்லை. வட்டாகச் சுழன்று, தன்னோடு தானே உராய்ந்து, பல்லாயிரம் பாகைக்குச் சூடேறி, கடைசி எல்லையைத் தாண்டும் முன்பே நிறையில் ஏறக்குறைய 10 சதவீதத்தை ஒளியாகக் கொடுத்துவிடுகிறது. கருந்துளையிலிருந்து ஒளி வெளிவராது என்பது உண்மை. நமக்கு வரும் ஒளி, உள்ளே போகும் முன் வாசலில் நின்று எரியும் வாயுவினுடையது. 1964இலேயே எட்வின் சால்பீட்டரும் யாக்கோவ் செல்டோவிச்சும் தனித்தனியே இந்த எண்ணத்தை முன்வைத்தார்கள்.

2018இல் சிலி நாட்டில் உள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளை இணைத்து 3சி 273இன் கருந்துளையை எடை போட்டார்கள்: சுமார் 26 கோடி சூரியன்களின் நிறை. அந்தக் கருந்துளையைக் கொண்டுவந்து நம் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், அதன் விளிம்பு ஏறக்குறைய வியாழனின் பாதையைத் தொடும். அதன் ஒளிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று சூரியன்களுக்குச் சமமான வாயு இரையாக வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பூமி.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பெரிய பேரடைகள் ஏறத்தாழ எல்லாவற்றின் நடுவிலும் பெருங்கருந்துளை இருக்கிறது. நம் பால்வெளியின் நடுவில் 40 லட்சம் சூரிய நிறை கொண்ட ஒன்று இருக்கிறது. அதன் நிழல் படத்தை 2022இல் உலகமே பார்த்தது. ஆண்ட்ரோமெடாவில் அதைவிடப் பல மடங்கு பெரியது இருக்கிறது. இரண்டுமே அமைதியாக இருக்கின்றன. பேரடைக்குள் வாயுவும் குறைவில்லை. அடுப்பு இருக்கிறது, விறகும் இருக்கிறது, ஏன் எரியவில்லை?

காரணம் சுழற்சி. செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் செக்கைச் சுற்றி நடக்கிறது. ஓர் அடிகூட நடுவை நெருங்குவதில்லை. பேரடைக்குள் வாயுவும் விண்மீன்களும் அப்படித்தான். நம் சூரியன் பால்வெளியின் நடுவை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிறந்ததிலிருந்து இருபது சுற்று சுற்றியிருக்கும். நடுவில் உள்ள கருந்துளையின் வாய்க்குள் விழும் பேச்சே இல்லை. நிறை, பக்கவாட்டு வேகம், நடுவிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கி வருவதைக் கோண உந்தம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சூரியன் இருக்கும் தூரத்தில் உள்ள வாயு மேகம் கருந்துளையின் வட்டை எட்ட வேண்டுமானால், தன் கோண உந்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் இழக்க வேண்டும். யாராவது அதைப் பிடித்து நிறுத்தினால்தான் நடக்கும். பேரடைக்கு வெளியே இருந்து அப்படிப் பிடித்து நிறுத்தக்கூடியது ஒன்றுதான்: இன்னொரு பேரடை.

இரண்டு பேரடைகள் மோதுகின்றன என்றதும், விண்மீனும் விண்மீனும் இடித்து நொறுங்குவதாகத்தான் மனத்தில் படம் ஓடும். அப்படி நடப்பதில்லை. சூரியனை இரண்டு மில்லிமீட்டர்க் கடுகாகச் சுருக்கினால், அடுத்த விண்மீன் ஏறக்குறைய 58 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் ஒரு கடுகு, செங்கல்பட்டில் இன்னொரு கடுகு. இப்படிப் பரவிய இரண்டு கடுகுக் கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தாலும், கடுகோடு கடுகு மோதாது.

ஆனால் ஈர்ப்பு விசை விடாது. நிலா நம் கடலை இழுத்து ஓதம் எழுப்புவதை நாம் அறிவோம். அருகில் உள்ள நீரை அதிகமாகவும், தொலைவில் உள்ள நீரைக் குறைவாகவும் இழுப்பதால் கடல் இரண்டு பக்கமும் புடைக்கிறது. ஒரு பேரடை இன்னொன்றின் அருகே வரும்போதும் இதுவே நடக்கிறது. ஆனால் புடைப்பது கடல் நீர் அல்ல, விண்மீன்களும் வாயுவும். அருகில் உள்ள பகுதி இழுபட்டுப் பாலமாக நீள்கிறது; மறுபக்கம் வாலாகச் சிதறுகிறது. 1966இல் ஹால்டன் ஆர்ப் வெளியிட்ட விசித்திரப் பேரடைகளின் படத்தொகுப்பில், 338 பதிவுகளில், இப்படி வாலும் பாலமுமாக நீண்டவை நிறைய இருந்தன. இவ்வளவு மெல்லிய வால்களை வெறும் ஈர்ப்பு விசை உண்டாக்க முடியுமா என்று பலர் ஐயப்பட்டார்கள். 1972இல் அலார் டூம்ரி, யூரி டூம்ரி என்ற சகோதரர்கள் அந்தக் காலத்துக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: முடியும். இரண்டு நிறைகளைச் சுற்றி வளையம் வளையமாகப் புள்ளிகளை வைத்து, நியூட்டனின் விதிப்படி நகர விட்டார்கள். வால்கள் தாமாக முளைத்தன. அதே கட்டுரையில், இப்படிப்பட்ட நெருக்கம் பேரடையின் நடுவுக்குப் புதிய எரிபொருளைத் தள்ளிக் கொடுக்கலாம் என்று அவர்கள் குறிப்பிட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் வந்த ஆய்வுகளில் பாதிக்கு விதை அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

வாயு எப்படி நடுவுக்குப் போகிறது? விண்மீன்கள் மோதுவதில்லை என்றேன். வாயு மேகங்கள் மோதும். இரண்டு மேகங்கள் எதிரெதிரே வந்து இடித்தால் சுழற்சி வேகத்தில் பெரும்பகுதி ரத்தாகிறது. அதோடு, பேரடையின் வட்டு நசுங்கி, நடுவில் விண்மீன்களாலான நீண்ட கட்டை போன்ற அமைப்பு உருவாகிறது. அது வாயுவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். செக்குமாட்டின் நுகத்தடி ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி தொலைந்த வாயு உள்ளே சரிகிறது. வழியிலேயே நெருங்கி, ஆயிரக்கணக்கில் புதிய விண்மீன்களாக வெடித்துப் பிறக்கிறது. எஞ்சியதில் ஒரு சிறு பங்கு கருந்துளையின் வட்டை எட்டுகிறது. குவேசாருக்கு அந்தச் சிறு பங்கே தாராளம்.

ஒன்றையொன்று கடந்து போன பேரடைகள் ஏன் திரும்பி வந்து சேர்ந்துவிடுகின்றன? இதற்கான விடையில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றதும், எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லை. 1943இல் அவர் இன்னொன்றையும் கணித்தார். கனமான ஒரு பொருள் விண்மீன் கூட்டத்துக்குள் பாய்ந்து போகும்போது, அது கடந்த பாதையில் விண்மீன்கள் அதன் ஈர்ப்பால் நெருங்கித் திரளும். அந்தத் திரள் அதைப் பின்னாலிருந்து இழுக்கும். எதையும் தொடாமலே, எதனோடும் உராயாமலே அதன் வேகம் குறையும். இதை ஈர்ப்பு உராய்வு என்று சொல்லலாம். பேரடைகள் ஒன்றையொன்று கடந்து ஓடிவிடாமல் வேகம் இழந்து ஒன்றாகிவிடுவதற்கும், அவற்றின் கருந்துளைகள் நடுவை நோக்கி அமிழ்வதற்கும் இதுவே காரணம். சந்திரசேகர் இதை எழுதியபோது குவேசார் என்ற சொல்லே பிறக்கவில்லை. அந்தச் சொல் 1964இல்தான் வந்தது.

இதெல்லாம் கணக்கு. கண்ணால் பார்க்க வேண்டாமா? அங்கேதான் தடை. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்கும்போது, லாரியின் நிறம் தெரிவதில்லை. குவேசாரின் ஒளியில் அதைச் சுற்றியுள்ள பேரடை அப்படித்தான் மறைந்துபோகிறது. பூமியின் காற்றுமண்டலம் அந்தக் கூச்சத்தை மேலும் பரப்பிவிடும். 1993இல் பார்வை சரிசெய்யப்பட்ட ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு ஜான் பாகால் குழுவினர் குவேசார்களைப் பார்த்தார்கள். முதலில் சிலவற்றைச் சுற்றிப் பேரடையே தெரியாததால் பெரிய குழப்பம் எழுந்தது. குவேசாரின் ஒளியைக் கவனமாகக் கழித்துப் பார்த்த பிறகு பேரடைகள் தெரிந்தன. 1996இல் வெளியான ஹபிள் படங்களில் சில மோதல் நடுவே இருக்கும் பேரடைகள். வால்களும் சிதறல்களும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அதே தொகுப்பில் பிஜி 0052+251 என்ற குவேசார், எந்தக் காயமும் இல்லாத அழகிய சுருள் பேரடையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பிஎச்எல் 909 ஓர் அமைதியான நீள்வட்டப் பேரடைக்குள் இருந்தது. மோதல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல விரும்பியவர்களுக்கு அந்த இரண்டு படங்களும் தொண்டையில் சிக்கிய முள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிதாக வானியல் படிப்பவர்கள் படத்தில் அருகருகே தெரிபவற்றை எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு என்று எண்ணிவிடுவார்கள். என்ஜிசி 4319 என்ற பேரடைக்கு மிக அருகில், மார்கேரியன் 205 என்ற குவேசார் தெரிகிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் இருக்கிறது என்று ஆர்ப் பல ஆண்டுகள் வாதாடினார். பேரடை சுமார் 8 கோடி ஒளியாண்டுகளில் இருக்கிறது. குவேசாரோ 100 கோடி ஒளியாண்டுகளில். ஒன்றின் பின்னால் மற்றொன்று, வெகுதூரத்தில். மோதும் பேரடைகளை ஒரு தொகுப்பாக நமக்குக் கொடுத்த மனிதர்தான் ஆர்ப்; அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் இந்த வாதத்தில் செம்பெயர்ச்சியின் பக்கமே சான்றுகள் நின்றன.

மோதலும் குவேசாரும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதற்கு நல்ல குறிப்பு அகச்சிவப்பிலிருந்து கிடைத்தது. 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் பத்து மாதங்கள் வானத்தை அகச்சிவப்பில் படித்தது. சாதாரண ஒளியில் மங்கலாகத் தெரிந்த சில பேரடைகள், அகச்சிவப்பில் ஒரு லட்சம் கோடி சூரியன்களின் பிரகாசத்தோடு எரிந்தன. ஆர்ப் தொகுப்பின் 220ஆம் பேரடை அவற்றில் ஒன்று. 25 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. 1988இல் டேவிட் சாண்டர்ஸ் குழுவினர் இப்படிப்பட்ட பத்துப் பேரடைகளை ஆராய்ந்தார்கள். பத்தும் மோதலின் தழும்பைத் தாங்கியிருந்தன. அவர்கள் சொன்ன வரிசை இதுதான்: முதலில் பேரடைகள் மோதும்; வாயுவும் தூசியும் நடுவில் குவியும்; தூசித் திரைக்குள் கருந்துளை எரியத் தொடங்கும்; பிறகு அதன் ஒளியும் காற்றும் திரையைக் கிழித்தெறியும்; அப்போதுதான் குவேசார் வெளியே தெரியும். திரை விலகும் நிலையைப் பார்க்க விரும்பினால், சுமார் 60 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மார்கேரியன் 231 இருக்கிறது. மோதலின் வால்கள் இன்னும் அடங்கவில்லை. நடுவிலிருந்து வாயு சூறாவளியாக வெளியேறுகிறது. நமக்கு மிக அருகிலுள்ள குவேசார் என்று இதைச் சொல்வார்கள்.

அப்படியானால் குவேசார் ஒரு பேரடையின் வாழ்வில் வந்துபோகும் ஒரு பருவம். அதன் ஆயுள் ஒரு கோடி முதல் பத்துக் கோடி ஆண்டுகள் இருக்கலாம். மோதல் முடிய 100 கோடி ஆண்டுகள்கூட ஆகும். இந்தக் கால வேறுபாடே ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி. மோதும் பேரடையைப் பார்க்கும்போது குவேசார் இன்னும் பற்றியிருக்காது. குவேசாரைப் பார்க்கும்போது மோதலின் தடயம் மங்கத் தொடங்கியிருக்கும்.

2011இல் மொரிசியோ சிஸ்டெர்னாஸ் குழுவினர், இரை தின்னும் கருந்துளை உள்ள 140 பேரடைகளை ஹபிள் படங்களில் பார்த்தார்கள். 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பெரிய சிதைவு எதுவும் இல்லை; சாதாரணப் பேரடைகளைவிட அவை அதிகம் கலைந்திருக்கவும் இல்லை. மோதல் கதை ஆட்டம் கண்டது. பிறகு 2023இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கிளைவ் டாட்ஹன்டரும் அவரோடு பணியாற்றியவர்களும், லா பால்மா தீவில் உள்ள ஐசக் நியூட்டன் தொலைநோக்கியால், நமக்கு ஒப்பீட்டளவில் அருகிலுள்ள 48 குவேசார்களின் பேரடைகளை நீண்ட நேரம் ஒளி சேர்த்துப் படமெடுத்தார்கள். அதே அளவுள்ள சாதாரணப் பேரடைகளையும் அதே முறையில் எடுத்து ஒப்பிட்டார்கள். குவேசார் இருந்தவற்றில் 65 சதவீதம் மோதலின் அடையாளத்தோடு இருந்தன. இல்லாதவற்றில் 22 சதவீதம்தான். ஏறக்குறைய மூன்று மடங்கு.

இரண்டு ஆய்வுகளும் சரிதான் என்பது என் எண்ணம். முதலாவதில் இருந்த கருந்துளைகள் பெரும்பாலும் நடுத்தரப் பசிக்காரர்கள். ஒரு வாயு மேகம் தற்செயலாகத் தடுமாறி விழுந்தாலே அவற்றுக்குப் போதும், மோதல் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு சூரியனுக்கு மேல் கேட்கும் உண்மையான குவேசார்களுக்கோ பேரடை முழுவதையும் கலக்கிவிடும் நிகழ்வு வேண்டும். அதோடு, மோதலின் வால்கள் மிக மங்கலானவை. குறைந்த நேரம் எடுத்த படத்தில் அமைதியாகத் தெரியும் பேரடை, பொறுமையோடு எடுத்த படத்தில் தன் காயத்தைக் காட்டும். சுருள் பேரடைக்குள் நிம்மதியாக இருக்கும் பிஜி 0052+251 போன்றவை இந்த விளக்கத்துக்குள் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோதலையும் எரிதலையும் ஒரே சட்டத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. அதை நிறைவேற்றிய படம் 2010இல் வந்தது. கன்னி ராசியிலேயே, 460 கோடி ஒளியாண்டுத் தொலைவில், இரண்டு குவேசார்கள் பக்கத்தில் பக்கத்தில் எரிகின்றன. நடுவில் சுமார் 70,000 ஒளியாண்டு இடைவெளி. சிலியில் உள்ள மெகல்லன் தொலைநோக்கியின் படத்தில், அவற்றைச் சுற்றி மோதலின் வால்கள் இரு பக்கமும் நீண்டு கிடக்கின்றன. இரண்டு பேரடைகள், இரண்டு கருந்துளைகள். ஒரே மோதலில் இரண்டுக்கும் இரை கிடைத்திருக்கிறது.

இதைவிட நெருக்கமான ஜோடி என்ஜிசி 6240. சுமார் 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில், பட்டாம்பூச்சி நசுங்கியதைப்போலக் கிடக்கும் பேரடை. அதன் நடுவில் தூசி மண்டிக் கிடப்பதால் சாதாரண ஒளிக்கு ஒன்றும் புலப்படவில்லை. 2002இல் எக்ஸ் கதிரில் பார்த்தபோது, அங்கே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கருந்துளைகள், 3,000 ஒளியாண்டு இடைவெளியில் வாயுவை விழுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவ்வளவு அருகே கொண்டுவந்து சேர்த்தது, 1943இல் சந்திரசேகர் எழுதிக் காட்டிய உராய்வு. அவற்றைக் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, 1999இல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரா. அவர் பெயரையே தாங்கியது.

குவேசார்களின் பொற்காலம் எப்போதோ கடந்துவிட்டது. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை மிக அதிகமாக இருந்தன. பேரடைகள் நெருங்கி இருந்தன, அவற்றில் வாயுவும் நிறைய இருந்தது. மோதல்களும் அடிக்கடி நடந்தன. இப்போது வாயு குறைந்துவிட்டது, பேரடைகளும் விலகிவிட்டன. 1969இல் டொனால்டு லிண்டன்-பெல் சொன்னதுபோல, அணைந்த குவேசார்களின் அடுப்புகள்தான் இன்று நம்மைச் சுற்றியுள்ள பேரடைகளின் நடுவில் அமைதியாக இருக்கும் கருந்துளைகள். மறுமுனையில், பெருவெடிப்புக்குப் பிறகு 67 கோடி ஆண்டுகளிலேயே 160 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளையோடு எரிந்த குவேசாரும் 2021இல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு சீக்கிரம் அது எப்படி வளர்ந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அந்தக் காலத்தை ஒட்டிய இரண்டு குவேசார்களைச் சுற்றிய பேரடைகளின் விண்மீன் ஒளியை முதன்முறையாகப் பிரித்துக் காட்டியது.

நம் பால்வெளிக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் 25 லட்சம் ஒளியாண்டு இடைவெளி. இரண்டும் மோதுவது உறுதி என்றே பல ஆண்டுகள் எழுதி வந்தோம். 2025இல் வெளியான கணக்கு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது.

சிலியின் மலையொன்றில் 8.4 மீட்டர் ஆடியோடு அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. தென்வானம் முழுவதையும் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுத்து, ஒளியை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பது அதன் திட்டம். வால்கள் மங்கலாக இருப்பதுதான் இத்தனை நாள் சிக்கல் என்றால், இந்தக் கருவி அதற்காகவே கட்டப்பட்டது போன்றது. முதல் படங்களில் ஒன்று கன்னி ராசியிலுள்ள பேரடைக் கூட்டத்துடையது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் மூன்று பேரடைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே, இருட்டிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு மெல்லியதாக, ஒரு பாலம் நீள்கிறது.